மனிதரை எடைபோடும் மனம்

பாடசாலை ஒன்றுக்குப் புதிய தலைமையாசிரியர் இடமாற்றம் பெற்று வருகிறார் என்றால், அவர் வந்து சேர்வதற்கு முன்பே அவரைப் பற்றிய சொல்லொன்று வந்து சேர்ந்துவிடும். கெட்டிக்காரர்தான், ஆனால் ஆள் கொஞ்சம் கடுகடுப்பு என்று யாரோ ஒருவர் சொல்லி வைப்பார். அதன்பின் அவர் முதல்நாட் காலையில் வாயிலில் நின்று மாணவரை உற்று நோக்கினால், அது குற்றங் காணும் நோக்காகத் தோன்றும். அன்பான மனிதர் என்று சொல்லி வைத்திருந்தாலோ அதே நோக்குப் பரிவுள்ள கவனிப்பாகத் தோன்றும். நிற்பவரும் ஒருவரே, நின்ற இடமும் ஒன்றே. காண்பவர் மனத்தில் முன்னரே விழுந்து கிடந்த சொல் மட்டுமே வேறு.

இத்தகைய ஒரு சொல்லுக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதனை அளந்து பார்க்க முற்பட்டவர் சொலமன் ஆஷ் என்னும் உளவியலறிஞர். 1907ஆம் ஆண்டில் வார்சோ நகரிற் பிறந்து, 1920இல் அமெரிக்கா சென்று குடியேறிய குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர். 1946ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட பரிசோதனை மிக எளிமையானது. மாணவர் குழுவொன்றுக்கு, எவரோ ஒரு மனிதரின் பண்புகள் என்று ஏழு சொற்கள் வாசித்துக் காட்டப்பட்டன: அறிவுக் கூர்மையுள்ளவர், திறமைசாலி, உழைப்பாளி, நெஞ்சில் ஈரமுள்ளவர், உறுதியுள்ளவர், நடைமுறை அறிந்தவர், எச்சரிக்கையுள்ளவர். மற்றொரு குழுவுக்கும் அதே பட்டியலே வாசிக்கப்பட்டது. நான்காவது சொல் மட்டும் ஈரமற்றவர் என்று மாற்றப்பட்டிருந்தது. பின்னர் இரு குழுவினரும் அந்த மனிதரைப் பற்றிச் சிறு குறிப்பொன்று எழுதி, வேறு சில பண்புகளுள் அவருக்குப் பொருந்துவன எவை எனத் தெரிந்துகாட்டினர்.

ஈண்டு மொழி பற்றி ஒரு சொல் கூறுதல் பொருத்தமாகும். ஆஷ் வழங்கிய ஆங்கிலச் சொற்களின் நேர்ப்பொருள் வெப்பமானவர், குளிர்ந்தவர் என்பனவே. பனி பெய்யும் நாட்டாருக்கு வெப்பமே இன்பம். ஆதலின் அன்புடையாரை அவர்கள் வெப்பமானவர் என்றனர். வெயிலில் வாடும் தமிழரோ மகிழ்ச்சியால் உள்ளம் குளிர்ந்தது என்பர். இரக்கத்தை நெஞ்சின் ஈரம் என்பர். சொல் மாறினும், உடல் உணரும் ஒன்றைக் கொண்டு உள்ளத்தின் இயல்பைக் குறிக்கும் வழக்கம் மாறவில்லை. இவ்வழக்கம் ஒன்றோடொன்று உறவில்லாத பல மொழிகளில் எவ்வாறு அமைந்திருக்கிறது என்பதனை ஆஷ் 1950களில் தனியே ஆராய்ந்தார் என்பதும் குறிப்பிடத்தக்கது.

பரிசோதனையின் முடிவு வியப்பூட்டுவது. ஈரமுள்ளவர் என்று கேட்டவர்களுள் நூற்றுக்கு 91 பேர் அம்மனிதரைத் தாராள மனத்தினர் என்றனர். ஈரமற்றவர் என்று கேட்டவர்களுள் அவ்வாறு சொன்னோர் நூற்றுக்கு 8 பேர் மாத்திரமே. எஞ்சிய ஆறு சொற்களும் இரு பட்டியல்களிலும் இம்மியும் மாறாதிருந்தன என்பதனை மறத்தலாகாது. எனினும் அந்தச் சொல் எல்லாவற்றையுமே மாற்றிவிட்டது என்றும் கூறமுடியாது. நம்பத்தக்கவரா என்று கேட்டபோது ஒரு குழுவில் நூற்றுக்கு 94 பேரும் மற்றதில் 99 பேரும் ஆம் என்றனர். ஈரமற்ற மனிதரிடம் பணத்தைக் கொடுத்து வைக்கலாம், ஆனால் கடன் கேட்கப் போகமுடியாது என்பதுபோல அமைந்தது மாணவரின் தீர்ப்பு.

ஏழு சொற்களுள் எதனை மாற்றினாலும் இவ்வாறு நேருமோ என்னும் ஐயம் எழுதல் இயல்பு. அவ்வையத்தைத் தீர்ப்பதற்கு ஆஷ் அதே இடத்தில் பணிவுள்ளவர், வெடுக்கென்று பேசுபவர் என்னும் இரு சொற்களை வைத்துப் பார்த்தார். வேறுபாடு மிகச் சிறிதாகவே இருந்தது. ஆகவே சில பண்புகள் நடுநாயகமாக நின்று மற்றவற்றின் பொருளையே மாற்றுகின்றன, வேறு சில ஓரத்தில் நின்றுவிடுகின்றன என்னும் முடிவுக்கு அவர் வந்தார். மனிதரைப் பற்றிய எண்ணம் கடைக்காரர் போடும் கூட்டற் கணக்கன்று. அன்புள்ளவரிடம் காணும் உறுதி கொண்ட கொள்கையில் நிற்கும் உறுதியாகிறது. அன்பில்லாதவரிடம் அதுவே பிடிவாதமாகி விடுகிறது.

சொற்களின் வரிசையையும் அவர் மாற்றிப் பார்த்தார். அறிவுக் கூர்மையும் உழைப்பும் முதலில் வந்து, பிடிவாதமும் பொறாமையும் இறுதியில் வந்தால், சில குறைகளையுடைய நல்ல மனிதர் என்று கேட்டோர் கொண்டனர். அதே சொற்களைக் கடைசியிலிருந்து தொடங்கி வாசித்தபோது, அறிவு இருந்தும் பயன்படாத மனிதர் ஒருவர் அவர்கள் மனக்கண்முன் நின்றார். முதற்கோணல் முற்றுங்கோணல் என்று கிராமத்தவர் சொல்வது பந்தல் கட்டுவதற்கு மட்டும் பொருந்துவதன்று போலும்.

ஆயினும் இவையெல்லாம் காகிதத்தில் வாழும் மனிதரைப் பற்றியவை. கண்ணெதிரே உயிரோடு ஒருவர் நின்று பேசும்போது அந்த முன்சொல் கரைந்துபோகாதா? இவ்வினாவுக்கு 1950ஆம் ஆண்டில் விடை தந்தவர் ஹரோல்ட் கெலி. மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகத்தில் வகுப்பொன்றுக்கு ஒருநாள் மாற்று விரிவுரையாளர் வருகிறார் என்று அறிவித்து, அவரைப் பற்றிய குறிப்பொன்று மாணவருக்கு வழங்கப்பட்டது. வயது 26, போர்ச் சேவை புரிந்தவர், மணமானவர், வேறொரு கல்லூரியிற் கற்பித்த பழக்கமுடையவர் என்னும் விவரங்களோடு, அவரை அறிந்தவர்கள் அவரைப் பற்றி என்ன கருதுகின்றனர் என்பதும் அதில் இருந்தது. பாதி மாணவரின் தாளில் மிகவும் ஈரமுள்ளவர் என்றும், மறுபாதியினரின் தாளில் சற்று ஈரமற்றவர் என்றும் அச்சிடப்பட்டிருந்தது. தாள்கள் இருவகை என்பது மாணவருக்குத் தெரியாது.

விரிவுரையாளர் வந்தார், இருபது நிமிட நேரம் வகுப்பில் உரையாடல் நடந்தது, அவர் போனார். ஒரே அறையில், ஒரே குரலைக் கேட்டு, ஒரே முகத்தைப் பார்த்திருந்த மாணவர் இரு வேறு மனிதரைக் கண்டவர்கள்போல எழுதிக் கொடுத்தனர். முதல் வகையினருக்கு அவர் பிறர் நலம் கருதுபவராகவும், நகைச்சுவையுள்ளவராகவும், பழகுதற்கு இனியவராகவும் தோன்றினார். மற்றவர்களுக்கு அவ்வாறு தோன்றவில்லை. இதனினும் கவலைக்குரியது வேறொன்று. அந்த உரையாடலிற் கலந்துகொண்டு பேசியவர்கள் முதல் வகையினருள் நூற்றுக்கு 56 பேர். இரண்டாம் வகையினருள் 32 பேரே. ஈரமற்றவர் என்று நம்பியவன் வாய் திறக்கவில்லை. வாய் திறவாதவனுக்கு அந்த விரிவுரையாளர் எத்தகையவர் என்பதனை அறியும் வாய்ப்பும் கிட்டவில்லை.

இந்தச் சுழலை தியடோர் நியூகோம் என்னும் அறிஞர் 1947ஆம் ஆண்டிலேயே சுட்டிக்காட்டியிருந்தார். ஒருவர்மேல் வெறுப்பு உண்டானால் அவரோடு பேச்சு அற்றுப்போகிறது. பேச்சு அற்றுப்போனமையால் வெறுப்பைத் திருத்தும் வழியும் அடைபட்டுப் போகிறது. எல்லைவேலிச் சண்டையில் முகம் திருப்பிக்கொண்ட இரு குடும்பங்கள் முப்பது வருடமாகப் பேசாதிருப்பதற்குப் பெரும் காரணம் வேண்டியதில்லை. முதல் வாரத்துக் காரணமே போதுமானது.

முகத்தோற்றமும் அந்த முன்சொல்லைப் போன்றதே. அகத்தின் அழகு முகத்தில் தெரியும் என்பது பழமொழி. தெரிகிறதோ இல்லையோ, தெரிவதாக மக்கள் கொள்கின்றனர் என்பது உறுதி. எட்வேட் தோண்டைக் என்பவர் 1920இல் இராணுவ அதிகாரிகள் தமக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கு இட்ட மதிப்பெண்களை ஆராய்ந்தார். உடற்கட்டு, அறிவு, தலைமை, ஒழுக்கம் ஆகியவற்றுக்குத் தனித்தனியே இடப்பட்ட மதிப்பெண்கள் அளவுக்கு மீறி ஒத்துப்போவதை அவர் கண்டார். ஒன்றில் உயர்ந்தவர் எல்லாவற்றிலும் உயர்ந்தார். அண்மைக் காலத்தில், 2005ஆம் ஆண்டில், பிரின்ஸ்ரன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த அலெக்சாந்தர் தொடரோவும் அவருடைய துணைவர்களும் அமெரிக்கச் செனற் சபைத் தேர்தல்களில் எதிரெதிராக நின்ற இருவரின் நிழற்படங்களை, அவர்களை அறியாத மக்களிடம் கணநேரம் காட்டினர். திறமையுள்ளவராகத் தோன்றுபவர் யார் என்ற கேள்விக்குக் கிடைத்த விடை, பத்துத் தேர்தல்களில் ஏறத்தாழ ஏழில், வென்றவரையே சுட்டியது. வாக்காளர் கொள்கை விளக்கங்களைப் படித்துப் பார்த்துத்தான் முடிவு செய்கின்றனர் என்று எண்ணுவோருக்கு இஃது உவப்பான செய்தியன்று.

இனி, ஒருவர்பால் மற்றொருவருக்கு உண்டாகும் ஈர்ப்பைப் பார்ப்போம். நட்புக்குக் காரணம் கேட்டால் பண்பு, குணம், ஒத்த உள்ளம் என்றெல்லாம் கூறுவது வழக்கம். படிக்கட்டு என்று எவரும் கூறுவதில்லை. இரண்டாம் உலகப் போரின்பின், மணமான மாணவருக்கென மசச்சூசெற்ஸ் தொழினுட்பக் கழகம் அமைத்திருந்த குடியிருப்பொன்றை லியோன் பெஸ்ரிங்கர், ஸ்ரான்லி ஷக்ரர், கேட் பாக் ஆகிய மூவர் ஆராய்ந்து 1950இல் நூலாக வெளியிட்டனர். இரண்டு மாடிகளுள்ள ஒவ்வொரு கட்டடத்திலும் மாடிக்கு ஐந்தாகப் பத்து வீடுகள் இருந்தன. வெறுமையான வீடு எதுவோ அது கொடுக்கப்பட்டதேயன்றி, அயலவரைத் தெரிந்தெடுக்கும் வசதி எவருக்கும் இருக்கவில்லை.

அங்கு குடியிருந்தோரிடம் அடிக்கடி பழகும் நண்பர் யாவர் என்று வினாவியபோது, அடுத்த கதவுக்காரர் நண்பராகக் குறிப்பிடப்பட்டது நூற்றுக்கு 41. ஒரு வீடு இடைவிட்டால் 22, இரண்டு இடைவிட்டால் 16, ஒரே மாடியின் இரு கோடிகளிலும் இருந்தோருக்கிடையே 10. இத்தனைக்கும் அடுத்தடுத்த கதவுகளுக்கிடையே 19 அடியும், கோடிக்குக் கோடி 88 அடியும்தான். ஒரு வளவுக்குள்ளே வாசலிலிருந்து கிணற்றடிக்குப் போகும் தூரம் அது. படிக்கட்டின் அடியிலும் தபாற் பெட்டிகளின் அருகிலும் வீடு வாய்த்தவர்கள் மேல்மாடியாரிடத்தும் நண்பரைப் பெற்றிருந்தனர். அவர்கள் அதற்கென எந்த முயற்சியும் செய்தாரல்லர். ஏறி இறங்குவோர் அவர்களைக் கடந்து செல்ல வேண்டியிருந்தது, அவ்வளவே.

அடிக்கடி காண்பதே விருப்பத்தை விளைக்கும் என்பதனை, போலந்து நாட்டிற் பிறந்து மிச்சிகன் பல்கலைக்கழகத்திற் பணியாற்றிய றொபேட் சயொன்ஸ் 1968இல் எடுத்துக்காட்டினார். பொருளற்ற சொற்களையும், சீன எழுத்தையொத்த குறிகளையும், அறியாத முகங்களின் படங்களையும் சிலவற்றைச் சில தடவையும், சிலவற்றை 25 தடவை வரையும் அவர் மாணவருக்குக் காட்டினார். அதிகம் கண்டவையே அவர்களுக்கு அதிகம் பிடித்தன. பழகப் பழகப் பாலும் புளிக்கும் என்பார் இதனை மறுக்கக்கூடும். அவர்கள் பக்கத்திலும் சான்று இருக்கிறது. 1976ஆம் ஆண்டில் எபி எபசனும் உடனாராய்ந்தோரும் கலிபோர்ணியாவிலுள்ள மாடிவீட்டுக் குடியிருப்பொன்றில், பிடித்தவர் யார் என்று கேட்டதோடு நில்லாது பிடிக்காதவர் யார் என்றும் கேட்டனர். பிடிக்காதவர்களும் மிக அருகிலேயே குடியிருந்தனர். நாய் குரைப்பதும் வண்டியை வழிமறித்து நிறுத்துவதும் தூரத்து வீட்டாரால் நேர்வனவல்ல. ஆகவே அண்மை என்பது நட்புக்கு மாத்திரம் வாயிலன்று.

நீண்ட காலம் உடனுறையும்போது அண்மையின் ஆட்சி தளர்கிறது என்பதும் அறியப்பட்டுள்ளது. முன்னர்ச் சுட்டிய நியூகோம், 1950களின் நடுவில், முன்பின் அறியாத மாணவர் பதினெழுவரை ஒரு வீட்டில் வாடகையின்றிக் குடியமர்த்தி, வாரந்தோறும் அவர்களிடம் வினாக்களுக்கு விடை பெற்றார். தொடக்கத்தில் அறையின் அண்மை நட்பைத் தீர்மானித்தது. மாதங்கள் சென்றபின், முக்கியமான விடயங்களில் ஒத்த மனப்பாங்கு உடையோரே நெருங்கினர்.

மனப்பாங்கு என்ற சொல் வந்துவிட்டது. ஒன்றை விரும்புதல், வெறுத்தல், ஏற்றல், மறுத்தல் என்று உள்ளம் முன்கூட்டியே சாய்ந்து நிற்கும் நிலையே மனப்பாங்கு. அந்தச் சாய்வை அறிந்தால் நடத்தையை முன்கூட்டிச் சொல்லிவிடலாம் என்று ஒரு காலத்தில் நம்பினர். அந்நம்பிக்கையை அசைத்தவர் ஸ்ரான்போட் பல்கலைக்கழகச் சமூகவியலறிஞர் றிச்சேட் லாப்பியர்.

சீனர்மேல் அமெரிக்காவில் அந்நாளில் இருந்த வெறுப்புச் சிறியதன்று. சீனத் தொழிலாளர் நாட்டுக்குட் புகுவதைத் தடுத்த 1882ஆம் ஆண்டுச் சட்டம் 1943 வரை நீக்கப்படவில்லை. அத்தகைய சூழலில், 1930இல் தொடங்கி ஈராண்டுக் காலத்தில், லாப்பியர் இளஞ் சீனத் தம்பதியர் இருவருடன் மோட்டார் வண்டியில் ஏறத்தாழ 10,000 மைல் பயணஞ் செய்தார். இயன்றபோதெல்லாம் வண்டியையோ மூட்டைகளையோ கவனிப்பதுபோலப் பின்தங்கி, தம்பதியரையே முதலில் உள்ளே போகவிட்டார். தம்மை வைத்து ஆராய்ச்சி நடக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. அது முறையா என்று இக்காலத்தவர் கேட்பது நியாயமே. தங்குமிடங்கள் 67, உணவகங்கள் 184, ஆக 251 இடங்களுக்கு அவர்கள் சென்றனர். மறுக்கப்பட்டது ஓரிடத்தில் மாத்திரமே. அங்கும் உரிமையாளர் அவர்களை யப்பானியர் என்று எண்ணியே மறுத்தார்.

ஆறு மாதம் கழித்து, அதே இடங்களுக்குச் சீன இனத்தவரை விருந்தினராக ஏற்பீர்களா என்று கேட்டு லாப்பியர் கடிதம் எழுதினார். 128 இடங்களிலிருந்து மறுமொழி வந்தது. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் ஏற்கமாட்டோம் என்றே எழுதியிருந்தனர். சிரித்து வரவேற்று, உணவு பரிமாறி, அறை கொடுத்த இடங்கள்தாம் அவை. 1934இல் வெளிவந்த இக்கட்டுரையைக் காட்டி, மனிதர் சொல்வதொன்று செய்வதொன்று என்று முடித்துவிடுவோர் பலர்.

அவ்வளவு எளிதாக முடித்துவிடுதல் தகாது. கடிதத்துக்கு விடை எழுதியவர், வாயிலில் நின்று வரவேற்ற அதே ஆள்தான் என்பதற்கு உறுதி இல்லை. மேலும், கடிதம் கேட்டது ஓர் இனத்தைப் பற்றி. வாசலில் வந்து நின்றவர்களோ நன்றாக உடுத்து, இனிமையாக ஆங்கிலம் பேசி, புன்னகை செய்த இருவர், அதுவும் வெள்ளையர் ஒருவரின் துணையோடு. முகமில்லாத இனத்தை மறுப்பது எளிது. எதிரே நிற்பவரை முகத்துக்கு நேரே மறுப்பதற்கு வேறோர் துணிவு வேண்டும். ஐசெக் ஐசனும் மார்ட்டின் பிஷ்பைனும் 1970களில் இதற்கு ஒரு விதியே வகுத்தனர். பொதுவான மனப்பாங்கைக் கொண்டு தனியொரு செயலை ஊகிக்க முடியாது. இன்ன செயலை, இன்ன இடத்தில், இன்னவரிடம் செய்வது பற்றிய மனப்பாங்கைக் கேட்டால் ஊகம் பெரிதும் பொருந்தும் என்றனர். ஆனால் பயணத்துக்குமுன் அறை கேட்டுக் கடிதம் எழுதியிருக்கக்கூடிய வேறொரு சீனக் குடும்பத்துக்கு இவ்விளக்கத்தால் அறை கிடைத்திராது.

செயலிலிருந்து மனப்பாங்கு பிறத்தலும் உண்டு. 1959இல் பெஸ்ரிங்கரும் ஜேம்ஸ் கால்சிமித்தும் ஸ்ரான்போட் மாணவர்களை ஒரு மணிநேரம் சலிப்பூட்டும் வேலை செய்யவைத்தனர். மரமுளைகளைக் கால்வட்டம் கால்வட்டமாகத் திருப்பிக்கொண்டே இருக்கவேண்டும். முடிந்ததும், அடுத்து வருபவரிடம் இது சுவையான வேலை என்று பொய் சொல்லும்படி கேட்டுச் சிலருக்கு ஒரு டொலரும் சிலருக்கு 20 டொலரும் கொடுத்தனர். பின்னர், வேலை உண்மையில் எப்படியிருந்தது என்று வினாவியபோது, அதிகம் விரும்பியதாகச் சொன்னவர்கள் ஒரு டொலர் பெற்றவர்களே. 20 டொலர் பெற்றவன் தன் பொய்க்குக் காரணம் கையில் வைத்திருந்தான். மற்றவனுக்கு அது இல்லை. ஆதலின் பொய்யை மெய்யாக்கும் வண்ணம் மனமே வளைந்துகொடுத்தது என்பது பெஸ்ரிங்கரின் விளக்கம். மனம் முரண்பட்டு வருந்தியது என்பதே வேண்டாம், மனிதன் தன் செயலைப் பிறன் செயலைப் பார்ப்பதுபோலப் பார்த்துத் தன் எண்ணத்தை ஊகித்துக்கொள்கிறான் என்றார் தரில் பெம் 1967இல். 2024இல் பல நாட்டு ஆய்வுகூடங்கள் கூடிச் செய்த பெரும் சோதனையொன்றில், தம் கருத்துக்கு மாறாக எழுதியவர்களின் மனப்பாங்கு சற்று மாறியது உண்மை. ஆனால் எழுதுவது தம் விருப்பம் என்று சொல்லப்பட்டவருக்கும் கட்டளையிடப்பட்டவருக்கும் இடையே எதிர்பார்த்த வேறுபாடு காணப்படவில்லை. விவாதம் இன்னும் ஓயவில்லை.

பிறர் செயலுக்குக் காரணம் கற்பிக்கும்போதோ மனம் இத்துணைத் தாராளம் காட்டுவதில்லை. எட்வேட் ஜோன்சும் விக்டர் ஹரிசும் 1967இல் கியூபத் தலைவர் கஸ்ரோவை ஆதரித்து எழுதிய கட்டுரையொன்றை மாணவருக்குக் கொடுத்து, எழுதியவருக்கு அந்தப் பக்கம் ஆசிரியரால் விதிக்கப்பட்டது என்றும் சொல்லினர். அவ்வாறு சொல்லியும், எழுதியவர் கஸ்ரோவை ஓரளவு விரும்புபவராகவே இருத்தல் வேண்டும் என்று படித்தோர் கருதினர். சூழ்நிலையை மறந்து குணத்தையே காரணமாக்கும் இவ்வியல்பை லீ றொஸ் என்பவர் 1977இல் காரணங் கற்பித்தலின் அடிப்படைப் பிழை என்று பெயரிட்டழைத்தார்.

அது மனிதர் எல்லோருக்கும் பொதுவானதா என்று கேட்டவர் ஜோன் மில்லர். இதுவரை கூறிய ஆராய்ச்சிகளுள் மிகப் பல அமெரிக்கக் கல்லூரி மாணவரை வைத்தே செய்யப்பட்டவை என்பதனை நோக்கின், அக்கேள்வி எவ்வளவு வேண்டற்பாலது என்பது விளங்கும். 1984இல் வெளிவந்த அவரது ஆய்வில், சிக்காகோவிலும் தென்னிந்தியாவின் மைசூரிலும் வாழ்ந்த சிறுவரும் பெரியோரும், தமக்குத் தெரிந்த ஒருவர் செய்த நற்செயலையும் தீச்செயலையும் சொல்லி, அவர் ஏன் அவ்வாறு செய்தார் என்று விளக்கினர். எட்டு வயதுச் சிறுவரிடையே இரு நகரங்களுக்கும் வேறுபாடு மிகச் சிறிது. வயது ஏற ஏற அமெரிக்கர் குணத்தையும், மைசூரார் கடமை, உறவு, நேர்ந்த சூழ்நிலை ஆகியவற்றையும் காரணமாகக் காட்டினர்.

மைசூரில் ஒருவர் கூறிய நிகழ்ச்சி இது. வழக்கறிஞர் ஒருவர் மோட்டார் சைக்கிளில் ஒருவரைப் பின்னால் ஏற்றிச் செல்கையில் சக்கரம் வெடித்துப் பின்னிருந்தவர் காயமுற்றார். வழக்கறிஞர் அவரை ஆஸ்பத்திரியிற் சேர்த்துவிட்டு, வைத்தியரைக் கண்டு நிலைமையை விசாரியாமலே நீதிமன்றத்துக்குச் சென்றுவிட்டார். காயமுற்றவர் இறந்துபோனார். கதையைக் கூறியவர், கட்சிக்காரருக்காக நீதிமன்றத்தில் நிற்கவேண்டியது அவர் கடமை, மேலும் அவர் கலங்கிப்போயிருக்கலாம், காயமும் பாரதூரமாகத் தோன்றாதிருந்திருக்கலாம் என்று விளக்கினார். அதே நிகழ்ச்சியை அமெரிக்கர் முன் வைத்தபோது, வழக்கறிஞர் பொறுப்பற்ற மனிதர் என்ற விளக்கமே வந்தது.